முதுகைப் பிடித்தாயிற்று, அப்புறம்? பேக் கன்ட்ரோலில் இருந்து முடிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிடித்து மடக்கும் தற்காப்புக் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் எதிராளியின் முதுகைப் பிடிப்பது வரை பலருக்கும் எப்படியோ வந்துவிடுகிறது. பிடித்த பிறகுதான் தகராறு. கழுத்தைப் பார்த்ததும் கை பாய்கிறது. எதிராளி தாடையைப் புதைத்துக்கொண்டு மணிக்கட்டைப் பற்றிக்கொள்கிறார். அரை நிமிடம் இழுபறி. அதற்குள் அவர் தோளைத் தரையில் பதித்து, திரும்பி, உங்கள் மேலேயே ஏறிவிடுகிறார். குன்னூரில் நாங்கள் பழகும் சின்னக் கூடத்தில், ஆறு மாதம் பழகியவரும் இப்படித்தான் முதுகை விடுகிறார், மூன்று வருடம் பழகியவரும் இப்படித்தான் விடுகிறார். கழுத்தை நெரிப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் நெஞ்சுக்கும் கைக்கும் நிறைய வேலை இருக்கிறது. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த முன்வேலைதான்.

குழப்பம் வராமல் இருக்க ஒரு ஏற்பாடு. கட்டுரை முழுக்க உங்கள் வலது கை அவருடைய வலது தோளுக்கு மேலாக வருகிறது, இடது கை அவருடைய இடது அக்குளுக்குக் கீழாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வலது, நெரிக்கும் கை. இடது, காவல் கை. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதுகுக்கு ஏன் இத்தனை மதிப்பு

ஐபிஜேஜேஎஃப் என்ற ஜியு-ஜிட்சு அமைப்பின் விதிப்படி இரண்டு ஹுக்கையும் (அவர் தொடையின் உட்பக்கம் கொக்கிபோல் மாட்டும் உங்கள் பாதங்கள்) மாட்டி மூன்று நொடி நிலைத்தால் 4 புள்ளி. மவுண்ட்டுக்கும், அதாவது மல்லாந்தவர் மேல் ஏறி உட்காருவதற்கும், அதே 4. ஏடிசிசி என்ற பிடிச்சண்டைப் போட்டியின் விதியில் மவுண்ட்டுக்கு 2, ஹுக்கோடு முதுகைப் பிடித்தால் 3. என்னைக் கேட்டால் இரண்டாவது கணக்குதான் சரி. மவுண்ட்டில் கீழே கிடப்பவர் உங்கள் கையைப் பார்க்கிறார், உங்களைத் தள்ளவும் முடியும். முதுகைக் கொடுத்தவருக்கு உங்கள் கை தெரியாது, தள்ளுவதற்கும் எதிரில் ஆள் இல்லை.

1993இல் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி, ஜெரார்ட் கோர்டோவை முதுகிலிருந்து நெரித்துத்தான் முடித்தார். பிறகு மார்செலோ கார்சியா வந்தார். ஏடிசிசியில் 77 கிலோ பிரிவை 2003, 2005, 2007, 2011 என நான்கு முறை வென்றவர். தன்னைவிடப் பெரிய ஆட்களின் முதுகில் ஏறி முடித்த அவருடைய ஆட்டங்களைப் பார்த்தால், எடை குறைந்தவருக்கு முதுகுதான் நல்ல இடம் என்பது புரியும். மலையில் ஆள் குறைவு, எடைக்கு எடை ஜோடி கிடைக்காது. 60 கிலோ ஆள் 90 கிலோ ஆளோடு உருள (பயிற்சிச் சண்டை போட) வேண்டிவரும். எங்களுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

முதல் படி: நெஞ்சு ஒட்ட வேண்டும்

வலது கை தோளுக்கு மேல், இடது கை அக்குளுக்குக் கீழ், இரண்டும் அவர் நெஞ்சில் குறுக்காகச் சந்திக்கின்றன. இதுதான் சீட் பெல்ட் பிடி. இரண்டு கையையும் கோக்கும்போது வலது கை உள்ளே, இடது கை அதன் மேல் மூடியபடி இருக்கட்டும். நெரிக்கும் கையைத்தான் அவர் தேடுவார். அதைக் காவல் கைக்கு அடியில் ஒளித்து வைத்தால் பிடிக்கக் கிடைக்காது. விரல்களைப் பின்னிக்கொள்ள வேண்டாம், உள்ளங்கையால் கவ்வினால் போதும்.

நெஞ்சுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் காற்று போகக்கூடாது. கன்னம் அவர் தலையோடு ஒட்டியிருக்கட்டும். ஹுக் இல்லாமலே இந்த மேல் ஒட்டுதலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சுற்று தாக்குப்பிடித்துப் பாருங்கள். முடிகிறது என்றால் சீட் பெல்ட் சரி. முடியவில்லை என்றால் இதுவரை கால்தான் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அடுத்து ஹுக். குதிகால்கள் அவர் தொடையின் உட்பக்கம், முழங்கால்கள் அவர் இடுப்பை இறுக்கியபடி. பாதம் தொங்கக்கூடாது, உயிரோடு இருக்க வேண்டும். அவர் நகரும் திசைக்கு ஏற்ப தூக்கவும் தள்ளவும் வேண்டியது அந்தப் பாதம்தான். கணுக்கால்களை மட்டும் அவர் முன்னால் பின்னிக்கொள்ளாதீர்கள். அவர் தன் காலை அதன் மேல் போட்டு இடுப்பைத் தூக்கினால் உங்கள் கணுக்கால் அலறும். முதுகைப் பிடித்திருப்பவரே டேப் அடிக்கும் (தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டும்) கேவலம் இதில் நடக்கும்.

எந்தப் பக்கம் சாய்வது

நெரிக்கும் கைப் பக்கம். நம் ஏற்பாட்டில் வலது பக்கம். உங்கள் வலது தோள் தரையில், அவரும் வலப்பக்கமாகச் சாய்ந்து உங்கள் மேல்.

காரணம் எளிது. அவருக்குத் தப்ப வேண்டுமென்றால் முதுகை உங்கள் நெஞ்சிலிருந்து எடுத்துத் தரையில் வைக்க வேண்டும். வலது பக்கம் உங்கள் கை தோளைச் சுற்றி வழியை மறிக்கிறது, தலையும் அங்கே இருக்கிறது. இடது பக்கம் கை அக்குளுக்குக் கீழேதான் இருக்கிறது, தலையும் தோளும் சுலபமாக நழுவிவிடும். அதனால் விவரம் தெரிந்த எதிராளி எப்போதும் இடது பக்கமே சாயப் பார்ப்பார்.

இடது பக்கம் சாய்ந்துவிட்டால் பதறி நெரிக்க வேண்டாம். இடது முழங்கையைத் தரையில் ஊன்றி எழுந்து, கீழே மாட்டியிருக்கும் இடது ஹுக்கால் அவர் தொடையைத் தூக்கி, அவரை உங்கள் மேல் ஏற்றிக்கொண்டு வலப்பக்கம் உருளுங்கள். கீழ் ஹுக்கைக் கழற்றிவிட்டார் என்றால், நெஞ்சு ஒட்டியபடியே உட்கார்ந்த நிலைக்கு வந்து, அவரைப் பின்னால் இழுத்துச் சாய்த்து மறுபடி மாட்டுங்கள். அதுவும் தாமதமாகி அவர் முதுகு தரையில் பட்டுவிட்டால், போன முதுகைத் துரத்துவதில் பயனில்லை. அவர் உங்கள் பக்கம் திரும்பும் முன்பே மேல் காலை அவர் வயிற்றைத் தாண்டிப் போட்டு மவுண்ட்டுக்குப் போய்விடுங்கள்.

பாடி டிரையாங்கிள்

ஹுக்குக்குப் பதிலாக இரண்டு காலாலும் அவர் வயிற்றைச் சுற்றி முக்கோணமாகப் பூட்டுவது இது. கால் நீளமானவர்களுக்கு வரம், குட்டைக்காரர்களுக்கு வேதனை. வலப்பக்கம் சாய்ந்திருக்கும்போது கீழே இருக்கும் வலது கால் அவர் வயிற்றின் குறுக்கே போகிறது, அதன் கணுக்கால் இடது முழங்காலுக்கு அடியில் மாட்டுகிறது. பூட்டு மேல் பக்கம் இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் பூட்டினால் அவர் எடை முழுவதும் உங்கள் பாதத்தில் விழும், அவர் அந்தப் பக்கம் உருண்டாலே வலிக்கும்.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2240. சமவெளியிலிருந்து வந்து முதல் நாளே எங்களோடு உருளும் நண்பர்களுக்கு மூன்றாவது சுற்றிலேயே மூச்சு வாங்கும். அப்போது வயிற்றில் டிரையாங்கிள் விழுந்தால், மூச்சு உள்ளே போகும் இடமும் சுருங்கிவிடும். விருந்தாளியை அப்படி வாட்டக்கூடாது என்பது எங்கள் எழுதாத விதி. எல்லாரும் கடைப்பிடிப்பதில்லை.

கைச்சண்டை: இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது

எங்களோடு பழகும் கோத்தகிரி நண்பர் ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வேலை பார்ப்பவர். வருடக்கணக்காகக் கவாத்துக் கத்தி பிடித்த கை. முதுகைக் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் என் வலது மணிக்கட்டைப் பிடித்தார் என்றால் உடும்புப்பிடிதான். இழுத்து விடுவிக்கலாம் என்ற எண்ணமே வீண். “அண்ணா, இழுங்க, பார்க்கலாம்” என்று சிரிப்பார். அவரோடு உருளும் யாரும் இழுப்பதை விட்டுவிட்டு வேறு வழி தேடித்தான் ஆக வேண்டும். வழி இருக்கிறது.

உங்களுக்கு இரண்டு கை, அவருக்கும் இரண்டு கை. ஆனால் உங்கள் கால்கள் சும்மா இருக்கின்றன, அவர் கால்களால் கைச்சண்டையில் சேர முடியாது. அவருடைய ஒரு கையை உங்கள் காலால் கட்டிவிட்டால் கணக்கு இரண்டுக்கு ஒன்று. முதுகிலிருந்து செய்யும் தாக்குதலின் சூட்சுமம் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஜான் டேனஹர் என்ற பயிற்சியாளர் இதைத் தனி முறையாகவே வகுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஸ்ட்ரெய்ட் ஜாக்கெட் என்று பெயர்.

செய்முறையை நிதானமாகப் பார்ப்போம்.

அவர் இரண்டு கையாலும் உங்கள் வலது கையைப் பிடித்திருக்கிறார். வலது கையை இழுக்காதீர்கள். முழங்கையை மடக்கி அவர் நெஞ்சோடு ஒட்டி, அது அங்கேயே இருக்கட்டும். அது தூண்டில் இரை. அவர் இரண்டு கையும் அதில் மாட்டியிருக்கிற வரை உங்கள் இடது கை சும்மா இருக்கிறது.

அக்குளுக்குக் கீழே இருக்கும் இடது கையால் அவருடைய இடது மணிக்கட்டை மேலிருந்து பற்றுங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்தே இருக்கட்டும். இனி அந்தக் கையை நேராகக் கீழே, அவருடைய இடது இடுப்பை நோக்கித் தள்ளுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் அவருக்குப் பலம், கீழே தள்ளினால் உங்களுக்கு. முழங்கை நீள நீள அவர் பலம் குறைந்துகொண்டே போகும்.

கை இடுப்புக்கு வந்ததும் இடது ஹுக்கை எடுத்து அந்த முன்கையின் மேல் போடுங்கள். உங்கள் தொடை மேலே, அவர் கை கீழே. காலைப் போட்ட கையோடு குதிகாலை உள்ளே இழுத்து இறுக்குங்கள், இல்லையென்றால் ஒரே உதறலில் உருவிக்கொள்வார். ஹுக்கை எடுக்கிற அந்த ஒரு நொடிதான் ஆபத்து. வலது ஹுக்கும் நெஞ்சும் இறுக்கமாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

இப்போது உங்கள் இடது கை விடுதலை. அவரிடம் வலது கை மட்டும் மிச்சம். அது உங்கள் மணிக்கட்டில் இருந்தால் இடது கையால் அதைப் பிரித்தெடுங்கள். சுண்டுவிரல் பக்கத்திலிருந்து கையைப் பிடித்து உரித்தால் சீக்கிரம் வரும். தனி விரலைப் பிடித்து முறிக்கக்கூடாது, அது விதிக்கும் மரியாதைக்கும் எதிரானது. பிரிந்த கணமே வலது கை கழுத்துக்குக் குறுக்கே போக வேண்டும். காத்திருந்தால் அவர் மறுபடி பிடிப்பார், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிலர் உங்கள் வலது முழங்கையையே தலைக்கு மேலாகத் தூக்கி மறுபக்கத் தோளுக்குக் கடத்திவிடப் பார்ப்பார்கள். அது நடந்தால் சீட் பெல்ட் போச்சு. உங்கள் தலை அவர் தலையோடு ஒட்டியிருந்தால் கை கடக்க இடமிருக்காது.

கழுத்து: பின்னிருந்து நெரிப்பு

ரியர் நேக்கட் சோக் என்று எல்லாரும் சொல்வது இதுதான். கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடும் தமனிகளை அழுத்துவது இதன் வேலை, குரல்வளையை நசுக்குவது வேலையில்லை. ஒரு பக்கம் உங்கள் பைசெப்ஸ், மறுபக்கம் முன்கை, நடுவில் முழங்கை மடிப்பு அவர் தாடைக்கு நேர் கீழே. சரியாக விழுந்தால் சுமார் பத்து நொடியிலேயே நினைவு தப்பும். இருமலும் வலியுமாக இழுத்துக்கொண்டே போனால் நீங்கள் மூச்சுக்குழலைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

வலது கை கழுத்தைத் தாண்டியதும் முதலில் அவருடைய இடது தோளின் பின்பக்கத்தைப் பிடியுங்கள். இது பலர் விட்டுவிடும் நிறுத்தம். தோளைப் பிடித்திருந்தால் கை கழன்றுவராது, அவசரமில்லாமல் அடுத்ததைச் செய்யலாம். பிறகு இடது கையை உயர்த்தி, வலது உள்ளங்கையை இடது பைசெப்ஸில் வைத்து, இடது கையைத் தலை சீவப்போவது போல அவர் பிடரிக்குப் பின்னால் நுழையுங்கள். புறங்கை அவர் தலையைத் தொட்டால் நல்லது. உள்ளங்கையால் தலையைத் தள்ளினால் அந்த விரல்களை அவர் பிடித்துக்கொள்வார்.

கையால் இறுக்கினால் அரை நிமிடத்தில் முன்கை செத்துவிடும். நெஞ்சை விரித்து, முழங்கைகளைக் கீழேயும் உள்ளேயும் இழுத்து, தோள்பட்டைகளைப் பின்னால் கொண்டுபோங்கள். தலையால் உங்கள் இடது கையை முன்னுக்கு அழுத்துங்கள். மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால் போதும்.

அவர் தாடையைப் புதைத்திருந்தால்? முகத்தைத் தேய்த்துக்கொண்டு நுழைவது அநாகரிகம், தாடையை நசுக்குவது அதைவிட மோசம். இடது கையை அவர் நெற்றியில் வைத்துச் சற்றே பின்னால் சாய்த்து, வலது மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தைக் காதுக்குக் கீழிருந்து தாடை எலும்பின் ஓரமாகச் செருகுங்கள். முன்னாலிருந்து கிடைக்காத இடைவெளி பக்கவாட்டில் கிடைக்கும். இடது கை பைசெப்ஸுக்கு எட்டவே இல்லையென்றால், இரண்டு உள்ளங்கையையும் கோத்து இறுக்கும் குட்டை முறையும் வேலை செய்யும். கைக்கு இடம் கொடுக்காத கில்லாடிகளுக்கு அதுவே நல்லது.

கி போட்டிருந்தால்

கி என்பது காலர் வைத்த தடித்த பயிற்சி உடை. காலர் இருக்கும்போது வெறும் கையால் கழுத்தைத் தேடுவானேன்? காவல் கையால் அவருடைய இடது காலரைத் திறந்து கீழே இழுத்து, நெரிக்கும் கைக்கு ஊட்டுங்கள். கட்டைவிரல் காலருக்கு உள்ளே, பிடி எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு நல்லது. பிறகு இடது கை அவருடைய மேல் காலின் பேன்ட்டை முழங்கால் பக்கம் பிடிக்கிறது. உங்கள் இடுப்பை வெளியே நகர்த்தி அவருக்குக் குறுக்காக வாருங்கள். தலைப்பக்கம் இருக்கும் காலை அவர் மேல் தோளைத் தாண்டிப் போடுங்கள், அவர் உங்கள் பக்கம் திரும்ப முடியாது. காலரை ஒரு பக்கமும் முழங்காலை மறுபக்கமும் விரித்தால் அவர் வில்லாக வளைவார். போ அண்ட் ஆரோ என்ற பெயர் அதனால்தான். இதில் கையின் பலம் பெரிதாகத் தேவையில்லை, உங்கள் முதுகை நீட்டுவதே நெரித்துவிடும்.

இங்கே ஒரு உள்ளூர்ச் சங்கடம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நாள்கணக்கில் மூடுபனி, கி காயவே காயாது. ஈரக் கியில் பழகினால் நாற்றம் மட்டுமா, படை நோயும் வரும். அந்த மாதங்களில் நோ-கி (கி இல்லாமல்) மட்டும் பழகுங்கள், கைச்சண்டைக்கு அதுவே நல்ல பருவம். காலர் வேலையை ஜனவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கழுத்தையே பாதுகாத்தால் கையை எடுங்கள்

இரண்டு கையும் கழுத்தருகே இருந்தால் முழங்கைகள் உடம்பை விட்டு விலகியிருக்கும். ஆர்ம்பார் (முழங்கையை எதிர்ப்பக்கம் நீட்டி மடக்கும் பூட்டு) அவருடைய இடது கைக்கு. உங்கள் இடது கையால் அவர் இடது முன்கையை அணைத்துக்கொண்டு, வலது முன்கையால் அவர் தலையை அப்பால் தள்ளி, இடுப்பை இடது பக்கமாக வெளியே எடுங்கள். இடது கால் வயிற்றின் குறுக்கே, வலது கால் தலையைத் தாண்டி. தலையைத் தள்ளாமல் காலைப் போட முயன்றால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார், முதுகும் போகும். அதனால் இதை இரண்டாவது ஆயுதமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ம்பாரைப் பார்த்து அவர் கையை இழுத்துக்கொண்டால் கழுத்து திறக்கும், அந்த லாபமே போதும். பின்னிருந்து காலால் கழுத்தைப் பூட்டும் டிரையாங்கிளும் இருக்கிறது, நீளக் காலுள்ளவர்கள் மட்டும் முயலட்டும்.

பழகும் முறை

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலைகளில் உறைபனி விழும். பயிற்சி விரிப்பில் கால் வைத்தாலே சில்லிடும். கழுத்தையும் தோளையும் நன்றாகச் சூடேற்றாமல் யாரும் கழுத்தைக் கொடுக்கக்கூடாது, யாரும் எடுக்கவும் கூடாது.

சுற்றுகளை முதுகிலிருந்தே தொடங்குங்கள். முதல் வகை: நெரிப்பே கிடையாது, இரண்டு நிமிடம் நெஞ்சு ஒட்டியிருந்தால் வெற்றி. இரண்டாவது: இடது கையைக் காலால் கட்டினால் வெற்றி, உடனே விட்டுவிட்டு மறுபடி. மூன்றாவதில்தான் முடிப்பது. கற்றுக்கொள்கிறவர்கள் மூன்றாவதற்கே ஓடுவார்கள், இரண்டாவதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

டேப் விழுந்தால் உடனே விட வேண்டும். கை கட்டப்பட்டவருக்குத் தட்ட வழியிருக்காது, காலால் தட்டுவார் அல்லது வாயால் சொல்வார். அதைக் கேட்கும் பொறுப்பு உங்களுடையது. யாராவது நினைவிழந்தால் உடனே பிடியை விட்டுப் படுக்க வையுங்கள். பொதுவாகச் சில நொடிகளில் விழிப்பு வரும், அன்றைக்கு அவருக்கு அதோடு போதும். அரை நிமிடத்தில் விழிக்கவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் வண்டி வர நேரம் ஆகும் என்பதால் யோசித்துக்கொண்டிருக்காமல் கூப்பிட வேண்டும்.

போட்டிக்கு இறங்குகிறவர்களுக்கு

கோவைக்கோ பெங்களூருக்கோ போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் எந்த விதி என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஐபிஜேஜேஎஃப் விதியில் பாடி டிரையாங்கிளுக்குப் புள்ளி இல்லை. முதலில் இரண்டு ஹுக்கையும் மாட்டி, மூன்று நொடி நிறுத்தி, நடுவர் 4 காட்டியதைப் பார்த்த பிறகு டிரையாங்கிளுக்கு மாறுங்கள். ஏடிசிசி விதியில் டிரையாங்கிளுக்கே புள்ளி உண்டு, நேராகப் பூட்டலாம். இரண்டிலும், புள்ளி வாங்கிய பிறகு நேரம் எவ்வளவு மிச்சம் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, கையைக் கட்டும் வேலையை மேலே சொன்ன வரிசையிலேயே தொடங்குங்கள்.